கேள்வித்தாளில் 4.8, கேன்டீன் மேசையில் எவ்வளவு?

(பட்டிமன்றத் தலைப்பு: "ஒரு கல்லூரி எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறதா என்பதை உள்ளபடி காட்டுவது மாணவர் நிரப்பும் கேள்வித்தாளா, வளாகத்தின் அன்றாட நடப்பா?" 'அன்றாட நடப்பே' அணியின் உரை.)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு கணக்குச் சொல்லிக் கைதட்டல் வாங்கிப் போனார். "மாணவர்களிடம் படிவம் கொடுங்கள், ஐந்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள், சராசரி எடுங்கள், வளாகத்தின் மனசு தெரிந்துவிடும்" என்றார். எடுத்துத்தான் பார்ப்போமே! 60 பேர் இருக்கிற வகுப்பு. "இங்கே சாதி, மத, பாலின வேறுபாடின்றி எல்லோரும் சமமாக நடத்தப்படுகிறார்களா?" 57 பேர் 5 போடுகிறார்கள், 3 பேர் 1 போடுகிறார்கள். கூட்டி வகுத்தால் 4.8. ஆண்டு மலரில் வண்ணத்தில் அச்சடிக்கலாம். ஆனால் அம்மா, கேள்வியே அந்த மூன்று பேரைப் பற்றியதுதானே? அவர்களை 0.2 ஆகக் கரைத்துவிட்டு யாருடைய மனசை அளந்தீர்கள்?

கேள்வியையும் கொஞ்சம் பாருங்கள். சாதி, மதம், பாலினம் மூன்றையும் ஒரே வரியில் கட்டிவிட்டார்கள். மதத்தில் குறையில்லை, பாலினத்தில் குறை உண்டு என்று நினைக்கிற பெண் எந்த எண்ணில் டிக் அடிப்பாள்? நடுவில் இருக்கிற 3-இல் அடித்துவிட்டு எழுந்து போவாள். அதற்கு அறிக்கையில் 'கருத்து இல்லை' என்று பெயர்.

"பெயர் எழுத வேண்டாம், ரகசியம்" என்றார்கள். நல்லது. துறை, ஆண்டு, பாலினம், இட ஒதுக்கீட்டுப் பிரிவு இந்த நான்கை மட்டும் கேட்கிறார்களாம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு இட ஒதுக்கீடு 1 சதவீதம். 60 பேரில் 1 சதவீதம் என்பது முழுசாக ஒரு ஆள்கூட இல்லை, 0.6. மூன்றாமாண்டு இயந்திரவியல், பெண், பழங்குடியினர் என்று நான்கு கட்டத்தை நிரப்பிவிட்டால் அப்புறம் பெயர் எதற்கு? முகவரியே எழுதினாற்போலத்தான். முறை தெரிந்தவர்கள் ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவைத் தனியாகக் காட்டவே மாட்டார்கள். இங்கேயோ படிவத்தைத் திறந்ததும் அது மின்னஞ்சல் முகவரியைத் தானே எடுத்துக்கொள்கிறது, வகுப்பு ஆலோசகர் பக்கத்திலேயே நிற்கிறார், இன்டர்னல் மார்க் போடுகிறவரும் அவரேதான். எந்தப் பிள்ளை 1 போடும்?

சொல்லும் செயலும் ஒன்றல்ல என்பது இன்று நேற்றுக் கண்ட சேதியா? 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு காரில் நாடு சுற்றினார். சீனர் மீது வெறுப்பு மிகுந்திருந்த காலம். தங்கும் விடுதி, உணவகம் என்று 251 இடம் ஏறி இறங்கினார்கள். இடமில்லை என்றது ஒரே ஒரு இடம். ஆறு மாதம் விட்டு, "சீனர் வந்தால் ஏற்பீர்களா?" என்று அதே இடங்களுக்குக் கடிதம் போட்டார். பதில் போட்டவர்கள் 128 பேர். பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் "மாட்டோம்" என்றார்கள். 1934இல் இதை வெளியிட்டார்.

எதிரணித் தலைவர் சிரிக்கிறார். "அங்கே சொல்தானே கெட்டது, செயல் நல்லதாகத்தானே இருந்தது?" என்று கேட்கப் போகிறார். உண்மைதான். கடிதம் எழுதியவரும் கல்லாவில் நின்றவரும் வேறு ஆளாகவும் இருக்கலாம். நான் சொல்ல வந்தது, சொல்லை வைத்துச் செயலை அளக்க முடியாது என்பதுதான். நம் வளாகங்களில் அது தலைகீழாகக் கிடக்கிறது. "சாதி பார்ப்பதில்லை" என்று டிக் அடிக்கிற கையில் எந்தச் சாதியைக் காட்டும் நிறக் கயிறு கட்டியிருக்கிறது என்று பாருங்கள். மாணவரிடையே சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது சும்மாவா?

கயிறு இல்லாத இடத்தில் கேள்வி இருக்கிறது. முதலாமாண்டு, முதல் வாரம், விடுதி வராந்தா. "என்ன சாதி?" என்று யாரும் கேட்பதில்லை, நாகரிகம் வளர்ந்துவிட்டது. "உன் கட்-ஆஃப் எவ்வளவுடா?" என்பார்கள். அவன் சொன்ன எண்ணை வைத்து எந்தப் பிரிவில் சேர்ந்தான் என்று மனக்கணக்குப் போட்டுவிடுவார்கள். அது பிடிபடாவிட்டால் "எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" இதைக் கண்டுபிடிக்க எந்தப் படிவத்தில் கட்டம் போட்டிருக்கிறீர்கள்?

"அப்படியானால் முகத்தைப் பார்த்துச் சாதி சொல்வீர்களா?" என்று கேட்டார் அம்மையார். மாட்டோம். கேன்டீனில் ஒளிந்து நின்று வேவு பார்க்கவும் மாட்டோம். கல்லூரியிடம் ஏற்கெனவே இருக்கிற தாள்களை எடுத்து விரிப்போம்.

முதலில் ப்ராஜெக்ட் பேட்ச் பட்டியல். 60 பேர், நான்கு நான்கு பேராக 15 குழு. அவர்களில் 12 பேர் தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் என்று வையுங்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டால் என்ன ஆகும்? சுமார் 6 குழுக்களில் இவர்கள் யாருமே இருக்க மாட்டார்கள், மீதி ஒன்பதில் ஒன்றும் இரண்டுமாகப் பரவியிருப்பார்கள். நான்கு பேருமே இவர்களாக ஒரு குழு அமைவது சுமார் 66 தடவை குலுக்கினால் ஒரு தடவை நடக்கும். இப்போது "நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள்" என்று விட்டபோது வந்த பட்டியலைப் பாருங்கள். 12 பேரும் மூன்று குழுவாகத் தனியே நின்றால் அது தற்செயல் இல்லை. சேர்க்கைப் பதிவேட்டோடு கல்லூரியின் சம வாய்ப்புப் பிரிவு (Equal Opportunity Cell) ஒப்பிடட்டும், பெயரை நீக்கி எண்ணை மட்டும் வெளியிடட்டும். ஒரு மதியப் பொழுது வேலை.

இதில் ஒரு எச்சரிக்கை. தனியே நிற்பதெல்லாம் தள்ளி வைத்ததாகாது. ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள், ஒரே அறைக்காரர்கள் சேரத்தான் செய்வார்கள். அதனால் குழு எந்த வரிசையில் அமைந்தது என்றும் பார்க்க வேண்டும். கடைசி வரை எந்தக் குழுவிலும் பெயர் ஏறாமல் ஆசிரியர் கையால் ஒட்டவைக்கப்பட்டவர் யார் யார்? மூன்று பருவத்திலும் அதே பெயர்கள் என்றால் ஒதுக்கியவர்கள் யார் என்று விசாரிக்க வேண்டியதுதான்.

அடுத்தது மதிப்பெண் பட்டியல். எழுத்துத் தேர்வு விடைத்தாளுக்கு டம்மி நம்பர் உண்டு, திருத்துகிறவருக்கு யார் தாள் என்று தெரியாது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் முகம் தெரியும், பேச்சு தெரியும், சட்டைக் காலர் தெரியும். ஆறு பருவத்துக்கு எழுத்து மதிப்பெண்ணையும் வைவா மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எழுத்தில் சமமாக வந்த ஒரு பிரிவினர் வைவாவில் மட்டும் தொடர்ந்து ஐந்தாறு மதிப்பெண் சறுக்கினால் அவர்களுக்குப் பாடம் வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் தடுக்கியது என்பீர்கள். இருக்கட்டும், பாடத்தைச் சோதிக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தைச் சோதித்தது யார்?

அப்புறம் ஓர் அளவு நாடா எடுத்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். சாய்தளத்தின் விதி 12-க்கு 1, அதாவது உயரத்தைப் போல 12 மடங்கு நீளம். மூன்று படி, படிக்கு 15 செ.மீ. என்றால் 45 செ.மீ. உயரம், சாய்தளம் 5.4 மீட்டர் நீள வேண்டும். பல இடங்களில் இரண்டு மீட்டரில் ஒரு சிமென்ட் சறுக்குமரம் கட்டி, இரண்டு பக்கமும் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் அதில் தானாக ஏற முடியாது, ஏறினாலும் பின்னால் சாய்ந்துவிடும். கட்டியவருக்குச் சாய்தளம் தெரியாமலில்லை, ஆய்வுக்குழு எடுக்கிற புகைப்படத்துக்கு அது போதும் என்று தெரிந்துதான் கட்டினார்.

தேர்வு நாளைப் பாருங்கள். எழுத உதவியாளர் தேவைப்படும் மாணவருக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல், மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி நேரம். விதி இருக்கிறது, முதல்வர் கையெழுத்தும் இருக்கிறது. பிற்பகல் 2 முதல் 5 வரை தேர்வு, அவருக்கு 6 வரை. கல்லூரிப் பஸ் 5:15-க்குக் கிளம்புகிறது! தந்த ஒரு மணியில் முக்கால் மணியை அவரே விட்டுக்கொடுத்து எழுந்துவிடுகிறார். 'கூடுதல் நேரம் வழங்கப்பட்டதா?' என்ற படிவத்துக்கு 'ஆம்' என்பதும் பொய்யில்லை.

புகார்ப் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார்கள். இரண்டு வருடமாகப் பூஜ்ஜியமாம். பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது? முதல்வர் அறை வாசலில், கேமராவுக்கு நேர் கீழே. புகார் வாங்கி விசாரிக்க ஓர் அதிகாரி வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதி செய்தது. அந்த அதிகாரி யார் என்று மாணவர்களைக் கேட்டால் பெயர் வராது. புகார் வரும் வழி தெரியாத இடத்தில் பூஜ்ஜியத்துக்கு என்ன பொருள்?

கடைசியாக, எதிரணியின் பெரிய அம்பு. "டெல்லி எய்ம்ஸில் பாகுபாடு இருப்பதாக 2007இல் சொன்ன சுகதேவ் தோரட் குழுவும் மாணவர்களிடம் கேள்வி கேட்டுத்தானே சொன்னது?" என்றார்கள். கேட்டது, மறுக்கவில்லை. என்ன கேட்டது, யாரைக் கேட்டது என்பதுதான் விஷயம். 'சமத்துவம் நல்லதா?' என்று எல்லோரையும் கேட்டுச் சராசரி எடுக்கவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களைக் கேட்டது. வகுப்பில், வைவாவில், விடுதியில், உணவறையில், விளையாட்டில் உனக்கு என்ன நடந்தது என்று கேட்டது. அம்மா, நீங்கள் எங்கள் அணிக்கு வந்துவிட்டீர்கள்! 'நீ என்ன நினைக்கிறாய்?' என்பதை விட்டுவிட்டு, 'போன மாதம் யாருடன் சாப்பிட்டாய்? யாருடைய நோட்டை வாங்கினாய்? எந்த அறையிலிருந்து மாறினாய், ஏன்?' என்று கேளுங்கள். அந்தத் தாளை நானே நகல் எடுத்துத் தருகிறேன்.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் எதிரணித் தலைவர் கையில் இருக்கிற படிவத்தை வாங்கி முதல் வரியை மட்டும் அவைக்குப் படித்துக் காட்டுங்கள். 'பதிவு எண்' என்று ஆரம்பிக்கிறது. வணக்கம்.