காசநோய்க்காரர் வீட்டுக்குக் கொரோனா வந்தபோது

தலைமை தாங்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, எனக்குப் பின் பேசவிருக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அம்மா அவர்களே, பள்ளிக்கூட வராந்தாவையும் மைக் செட்டையும் ஒரு பைசா வாங்காமல் தந்திருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, முன் வரிசையில் இருக்கும் ஆஷா அக்காமார்களே, சுண்டல் எப்போது வரும் என்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். செயலாளர் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். நன்றி. ஆனால் போன வருஷமே கேட்டுக்கொண்டேன், பொன்னாடைக்குப் பதில் ஒரு அட்டை முட்டை கொடுங்கள், நான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வீட்டில் சேர்த்துவிடுகிறேன் என்று. சரி, அடுத்த வருஷமாவது பார்ப்போம்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். காசநோய் இருக்கிறவருக்குக் கொரோனா வந்தால் என்ன ஆகும், அது ஒன்று. கொரோனா வந்த காலத்தில் காசநோய்க்காரர்கள் எங்கே போனார்கள், இரண்டு. மூன்றாவது சர்க்கரை நோய், ஏனென்றால் அது இரண்டுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

இன்றைக்கு மார்ச் 24. 1882-இல் இதே தேதியில்தான் ராபர்ட் கோக் என்கிற ஜெர்மானிய மருத்துவர், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தார். அதனால்தான் இது உலகக் காசநோய் நாள். இதே மார்ச் 24-இல் வேறொன்றும் நடந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020-இல் இதே நாள் இரவு எட்டு மணிக்குத்தான் பிரதமர் டிவியில் வந்து, நள்ளிரவு முதல் நாடு முழுக்க ஊரடங்கு என்றார். காசநோய் நாளைக்கென்று அச்சடித்து வைத்த நோட்டீஸ் எல்லாம் கட்டுக் கட்டாக அப்படியே கிடந்தது. பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று என் அம்மா சொல்வார். நானும் மேடைக்கு மேடை அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றைக்கும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம். இரண்டும் நுரையீரலில் குடியேறுகிற நோய், இரண்டும் காற்றில் பரவுகிறது, இரண்டுக்கும் இருமல், காய்ச்சல். ஆனால் கொரோனா திடுதிப்பென்று வரும், நாலைந்து நாளில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். டிபி அப்படி இல்லை. மெதுவாக வரும், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, ஆள் கொஞ்சம் கொஞ்சமாக இளைப்பார், வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது. டிபி அரித்து வைத்திருக்கிற நுரையீரலில் கொரோனாவும் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில் 2020-லேயே கணக்கெடுத்துப் பார்த்தார்கள். டிபி இருக்கும்போதே கொரோனா வந்தவர்கள் சாகிற அபாயம் மற்றவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். முன்பு டிபி வந்து குணமானவர்களுக்கும்கூட ஒன்றரை மடங்கு. மருந்திலும் சிக்கல் உண்டு. கொரோனா முற்றினால் ஸ்டீராய்டு கொடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள், அது சரிதான், ஆனால் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் டிபி கிருமியை அதே ஸ்டீராய்டு எழுப்பிவிடலாம். இதையெல்லாம் டாக்டர் அம்மா என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் வெறும் லேப் டெக்னீஷியன், பணி ஓய்வு பெற்றவன். கண்ணாடித் தகட்டில் சளியைத் தேய்த்து, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடு காட்டி, நீலச் சாயம் ஊற்றிக் கழுவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நீல மைதானத்தில் சிவப்புக் குச்சிகள் தெரியும். அதுதான் டிபி. என் ஆயுசில் பாதி அந்த நீலத்தைப் பார்த்தே போயிற்று.

இப்போது ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். பேர் வேண்டாம். சென்னையில் வியாசர்பாடி பக்கம், பெயின்டர். 2020 மே மாதம் இருமல். தின்னர் வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார், ஆனால் வேலைக்கே போகாத ஊரடங்கில் தின்னர் எங்கே இருந்து வந்தது என்று அவர் மனைவி கேட்டாராம். ரேஷன் கடையில் அரிசி போடுகிறார்கள், தெருமுனை வரைக்கும் வரிசை, சுண்ணாம்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். இவர் கடைசி வட்டத்தில் நின்று ஒரு இருமல் இருமினார். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துவிட்டு, 'அண்ணே, நீங்க முன்னாடி போங்க'. அடுத்த இருமல், இன்னும் மூன்று பேர் வழி விட்டார்கள். நாலாவது இருமலில் கடைக்காரரே வெளியே வந்து, 'யப்பா, நீ முதல்ல வாங்கிட்டுக் கிளம்பு' என்றார். பத்து நிமிஷத்தில் அரிசியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தத் தெருவிலேயே அவ்வளவு சீக்கிரம் அரிசி வாங்கிய ஆள் அவர்தான்! (சிரிப்பு) சிரியுங்கள், இதைச் சொல்லும்போது அவரும் சிரித்தார்.

அப்புறம்தான் சிரிப்பு போயிற்று. மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், நெகட்டிவ். கொரோனா இல்லை, வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். எதனால் இருமுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜூனில் காய்ச்சல், மறுபடி குச்சி, இந்தத் தடவை பாசிட்டிவ். வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். எதிர்வீட்டு ஆயா தகரத்துக்கு மேலே பால் பாக்கெட்டைத் தூக்கிப் போடுவார், ஒருநாள் அது இவர் தலையில் விழுந்து உடைந்து, அன்றைக்கு டீயே இல்லை. வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த மனைவியை, நாங்களே சொல்லி அனுப்புகிறோம், அதுவரைக்கும் வராதே என்று சொல்லிவிட்டார்கள். முகாமுக்குப் போய்த் திரும்பி வந்தபோது தெருவே கைதட்டியது. ஆனால் இருமல் போகவில்லை. கொரோனா இருமல் அப்படித்தான் இழுக்கும் என்றார்கள், எல்லாரும் டாக்டர் ஆகியிருந்த காலம் அது. ஆகஸ்டில் தெருவுக்குக் காய்ச்சல் முகாம் வந்தது. அங்கே இருந்த ஒரு சிஸ்டர் கேட்டார், 'ஏண்ணே, பேன்ட்டை எதுக்குக் கயித்தால கட்டியிருக்கீங்க?' இந்த ஒரு கேள்வியைக் கேட்க மூன்று மாதம் ஆனது. சளி டப்பா என்னிடம் வந்தது. தகடு முழுக்கச் சிவப்புக் குச்சி.

ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டார், குணமாகிவிட்டார். மறு வருஷம் அவர் மகளுக்கு வந்தது. பதினாறு வயசு. கெட்ட குடியே கெடும் என்பது இதுதான்.

அவர் ஒருவர் கதை இல்லை இது. 2019-இல் இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் சுமார் 24 லட்சம். 2020-இல் சுமார் 18 லட்சம். நோய் குறைந்துவிட்டதா? இல்லை, கண்டுபிடிப்பது குறைந்துவிட்டது. டிபி பார்க்க வைத்திருந்த ட்ரூநாட் மெஷின்களெல்லாம் கொரோனா பார்க்கப் போயின, டிபி ஊழியர்கள் கொரோனா வேலைக்குப் போனார்கள், பஸ் ஓடவில்லை. அந்த வருஷம் உலக அளவில் டிபி சாவு, பத்து வருஷத்துக்கும் மேலாகக் குறைந்துகொண்டே வந்தது, மறுபடி ஏறியது. 2020 ஆகஸ்டில்தான் மத்திய அரசு, கொரோனாவுக்கு வருகிறவர்களை டிபிக்கும் பாருங்கள், டிபிக்காரர்களைக் கொரோனாவுக்கும் பாருங்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்ல உத்தரவு. மே மாதம் வந்திருக்கலாம்.

நல்லதும் ஒன்று நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டர் கொரோனாவுக்கு முன்னால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2022-இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியபோது அதே கருவி கைகொடுத்தது. டிபி என்று தெரிந்த உடனே எடை, உயரம், ஆக்சிஜன் பார்க்கிறார்கள், தாங்கல் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள், மோசமாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். அதில் முதலில் பார்ப்பது என்ன, கவனித்தீர்களா? எடை! நான் ஊர் ஊராகக் கத்துவதும் அதைத்தான்.

சோறு பற்றிப் பேசினால் என்னிடம் சிலர் 1956-ஐத் தூக்கிப் போடுவார்கள். சென்னை சேத்துப்பட்டில் அந்த வருஷம் ஒரு ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதி நோயாளிகளை சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் வைத்து நல்ல சாப்பாடு, ஓய்வு, மருந்து. இன்னொரு பகுதிக்கு அவரவர் குடிசையில் மருந்து மட்டும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானார்கள், அதற்கப்புறம் உலகமே வீட்டில் வைத்து மருந்து கொடுக்கும் முறைக்கு மாறியது. பெருமைப்பட வேண்டிய விஷயம், நம்ம ஊர் ஆய்வு. பார்த்தாயா, சாப்பாடு தேவையில்லை என்பார்கள். ஐயா, மருந்து வேலை செய்யுமா என்பது அந்தக் கேள்வி. அந்த வீட்டில் அடுத்து யாருக்கு வரும் என்பது என் கேள்வி. அதற்கும் பதில் வந்துவிட்டது. ஜார்க்கண்டில் 2019-இல் தொடங்கி, கொரோனாவுக்கு நடுவிலேயே ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். டிபி வந்தவர் குடும்பத்தில் மற்றவர்களுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. அந்த வீடுகளில் மற்றவர்களுக்கு டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. ஊசி இல்லை, டிபி மருந்து இல்லை, அரிசியும் பருப்பும்! வியாசர்பாடியில் அந்தப் பொண்ணு வீட்டுக்கு 2020-இல் பருப்பு போயிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அரசு பணம் தருகிறதே என்பீர்கள். 2018 முதல் மாதம் 500, 2024 நவம்பர் முதல் 1,000. வரவேற்கிறேன். ஆனால் அது நோயாளிக்கு, குடும்பத்துக்கு இல்லை. அந்தப் பணமும் கேஸ் சிலிண்டருக்குப் போகும், பிள்ளை நோட்டுக்குப் போகும், குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. பட்ட காலிலே படும் வீட்டில் பணம் எதற்குத்தான் போகாது? நம்மிடம் ரேஷன் கடை இருக்கிறது. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு ஏற்கெனவே போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு முட்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். டிபி மருந்து சாப்பிடுகிற ஆறு மாதமும், அந்தக் குடும்ப அட்டைக்கு மாதம் கூடுதலாக இரண்டு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் கடலை எண்ணெய், ஒரு அட்டை முட்டை. அரசிடம் இவ்வளவுதான் கேட்கிறோம். கடையில் 'டிபி சாமான்' என்று கத்திக் கூப்பிடாமல் கொடுக்கவும் வழி செய்ய வேண்டும். ஆள் ஒளித்து வைப்பது நோயை இல்லை, பெயரைத்தான்.

செயலாளர் மணி அடிக்கிறார், பார்த்துவிட்டேன். சர்க்கரை நோய் பற்றி நான் சொல்ல வேண்டியது அப்படியே இருக்கிறது, அதை டாக்டர் அம்மா சொல்லட்டும், அவர் சொன்னால் கேட்பீர்கள். இதைக் கேட்டு எழுதிய மனு வாசல் பக்க மேசையில் இருக்கிறது. பேரும் கையெழுத்தும் போதும், அட்டை எண் எழுத வேண்டாம், வீட்டில் யாருக்காவது டிபி இருந்ததா என்றும் எழுத வேண்டாம். தலைவர் முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு வாரமாக இருமல் உள்ளவர்கள், மேசைக்குப் பக்கத்திலேயே லேப் தம்பி சளி டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார், வாங்கிப் போய்க் காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் ஆழமாக இருமி எடுத்த சளியாகக் கொடுங்கள். எச்சில் வேண்டாம், எச்சிலில் ஒன்றும் தெரியாது. வணக்கம்.