திங்கட்கிழமை பத்து மணிக்கு

எல்லோருக்கும் வணக்கம். பிறருக்கு யோசனை சொல்வதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் தப்பாகச் சொன்ன ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

2000-01இல் அரசு வங்கிகளில் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வுத் திட்டம், வந்தது. 40 வயது அல்லது 15 வருட சர்வீஸ் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதி சர்வீசுக்கான சம்பளம், எது குறைவோ அது. நாடு முழுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். எங்கள் கிளையில் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சு. வட்டிக் கணக்கு எனக்குச் சட்டென்று வரும் என்பதால் எல்லோரும் என்னிடம் வருவார்கள்.

ஒரு கேஷியர் வந்தார். 46 வயது. டெபாசிட்டில் போட்டால் இவ்வளவு, பென்ஷன் இவ்வளவு என்று கூட்டிக் காட்டி, "தாராளமா எழுதிக் கொடுங்க" என்றேன். கொடுத்துவிட்டார். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், ஒன்றுவிட்டு ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கிளைக்கு வந்து நிற்பார். "சும்மா, பாஸ்புக்ல என்ட்ரி போட வந்தேன் சார்." கண் மட்டும் கேஷ் கவுண்டரில் இருக்கும். புதிதாக வந்த கம்ப்யூட்டரைக் கண்டு அவர் பயந்துபோயிருந்தார் என்று பிற்பாடு அவர் மனைவி சொன்னார். ஒரு மாதம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தால் போதும். நான் வட்டி போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் யார் வந்தாலும் ஒன்றுதான் கேட்கிறேன்: "சரி, ஒத்துக்கிட்டாச்சு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கே, என்ன செஞ்சுக்கிட்டிருப்பீங்க?" ஆள் கொஞ்ச நேரம் பேசமாட்டார். அப்போது நம் வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

1772இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பாதிரியாராக இருந்த விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, ஷெல்பர்ன் பிரபுவிடம் வேலைக்குப் போகலாமா என்று பெஞ்சமின் பிராங்க்ளினைக் கேட்டார். விவரம் போதாததால் என்ன செய்வது என்று சொல்ல முடியாது, எப்படி முடிவெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று பிராங்க்ளின் பதில் எழுதினார். தாளின் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். அந்தக் கோடு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. மூன்று நான்கு நாள் எடுத்துக்கொண்டு, தோன்றத் தோன்ற எழுதச் சொன்னாரே, அதைத்தான் யாரும் செய்வதில்லை. பிரீஸ்ட்லி அந்த வேலைக்குப் போனார். 1774இல் அங்கே ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார். எல்லா மாற்றலிலும் ஆக்சிஜன் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன வருடம் ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வந்தார். ப்ரமோஷன் எடுத்தால் பாட்னா. அம்மாவுக்கு இங்கே டயாலிசிஸ். நான்கு நாள் கழித்துத் தாளோடு திரும்பி வந்தார். ஒரு பக்கம் நிறைய எழுத்து, மறுபக்கம் ஒரே வரி. அது என்னவென்று அவர் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "விண்ணப்பம் போடலை சார்" என்றார். காபி குடித்துவிட்டுப் போனார்.