கல்லில் பேர் இருக்கட்டும்

நடுவர் அவர்களே, மதுரைப் பெருமக்களே, வணக்கம்.

கலைஞரை நிலைக்க வைப்பது பாட்டா, நினைவுச் சின்னமா? நான் நினைவுச் சின்னத்தின் பக்கம். எதிரணியில் பேசிய அம்மா, "விடிஞ்சா எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் கேட்குது, டீக்கடையில் டி.எம்.எஸ். பாடுறார், இவங்களுக்கு எதுக்குக் கல்லும் மண்டபமும்?" என்று கேட்டார். சரி, இரண்டும் இந்த ஊரில் பிறந்த குரல்கள்தான். இரண்டும் இசைத்தட்டில் ஏறிவிட்டன. முனிச்சாலையில் டி.எம்.எஸ்ஸுக்கு 2023இல் சிலையும் வந்துவிட்டது.

தட்டில் ஏறாதவர்களை என்ன செய்வது?

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் பொங்கலுக்கு, சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் நாடகம் போடுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு உட்காருகிற ஆர்மோனியக்காரர் விடிகிறவரை எழுந்திருக்க மாட்டார். கதாநாயகன் வேஷம் கட்டுகிற ராஜபார்ட்டுக்கு மாலை விழும். பபூனுக்குக் கைதட்டு விழும். பெண் வேஷம் கட்டுகிற ஸ்திரீபார்ட்டுக்குத் தொண்டை கட்டினால், ஆர்மோனியக்காரர்தான் சுருதிக் கட்டையைக் குறைத்து, பின்பாட்டும் பாடிக் காப்பாற்றுவார். காலையில் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய்விடுவார். அந்த ராத்திரி வாசித்த வாசிப்பு இப்போது எங்கே இருக்கிறது? அதைக் கேட்ட நாங்கள் செத்தால் அதுவும் செத்தது.

நாடக நடிகர் விஸ்வநாததாஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வள்ளி திருமணத்தில், கொக்கை விரட்டுகிற பாட்டிலேயே வெள்ளைக்காரனை விரட்டியவர். அதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். சாதியைச் சொல்லி அவரோடு நடிக்க மாட்டேன் என்றவர்களும் இருந்தார்கள், அதையும் தாங்கினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடும்போதே உயிர் பிரிந்தது. இன்றைக்கு இந்த அவையில் எத்தனை பேர் அவர் குரலைக் கேட்டிருப்போம்? ஆனால் திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் நிற்கிறது. பலகையைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துப் பையன் "யாருப்பா இவரு?" என்று கேட்டால், அப்பன் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

அதனால்தான் கேட்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் நாடகம் பேசி அட்வான்ஸ் கொடுக்க வருகிற மதுரைச் சுண்ணாம்புக்காரத் தெருப் பக்கமே, நாடகக் கலைஞர்கள் பேர் பொறித்த ஒரு கல் நிற்கட்டும். ராஜபார்ட் பேர் மட்டும் போதாது. மிருதங்கக்காரர், தாளக்காரர், பபூன், ஸ்திரீபார்ட், எல்லார் பேரும் வேண்டும். எங்கள் ஊருக்கு வந்த அந்த ஆர்மோனியக்காரர் பேருக்கும் ஒரு வரி விடுங்கள்.

நன்றி, வணக்கம்.