ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: எக்ஸ்சேஞ்சில் போகும் இன்ஜினியரிங் மாணவருக்கு

[திரையில்: ஒரு ஏ4 தாள். இடப்பக்கம் உங்கள் கல்லூரிப் பாடங்கள், வலப்பக்கம் ஜெர்மன் பாடங்கள், கீழே மூன்று கையெழுத்துக்கான இடம்.]

இந்தத் தாளுக்கு லேர்னிங் அக்ரிமென்ட் என்று பெயர். அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்குக் கணக்காகும் என்பதை முன்கூட்டியே ஒத்துக்கொள்ளும் தாள் இது. நீங்கள் ஒரு கையெழுத்து, உங்கள் கல்லூரி ஒன்று, அங்கே உங்களை ஏற்றுக்கொள்ளும் பல்கலைக்கழகம் ஒன்று. விசா, விமான டிக்கெட், குளிர் கோட்டு எல்லாவற்றையும் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசிவிடுவோம். வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வந்தும், ஒரு பேப்பர்கூடக் கணக்கில் ஏறாமல், ஜூனியர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தை மறுபடி எழுத வேண்டிய நிலை பெரும்பாலும் இந்தத் தாளை அசட்டையாக விட்டதால்தான் வருகிறது.

[திரையில்: இந்தியா, ஜெர்மனி வரைபடம். இரு திசையிலும் அம்புக்குறி.]

சரி, எக்ஸ்சேஞ்ச் எப்படி நடக்கிறது? இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. நீங்கள் வழக்கம்போல உங்கள் கல்லூரியில் ஃபீஸ் கட்டுகிறீர்கள். அங்கே டியூஷன் ஃபீஸ் கிடையாது. அங்கிருந்து இங்கே வரும் மாணவருக்கும் அதே ஏற்பாடு.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஃபீஸே இல்லையே என்று தோன்றலாம். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கார்ல்ஸ்ரூவே, ஸ்டுட்கார்ட் போன்ற இன்ஜினியரிங் ஊர்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்கால செமஸ்டரில் கட்டணத்தைக் கொண்டுவந்தது. படிப்பைப் பொறுத்து செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ. ஒப்பந்தத்தின் கீழ் எக்ஸ்சேஞ்சில் போகிறவருக்கு இது இல்லை. செமஸ்டர் பங்களிப்பு என்று சில நூறு யூரோ மட்டும் கட்டுவீர்கள். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

இடங்கள் ஏன் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருக்கின்றன என்பதற்கும் காரணம் இதுதான். எத்தனை பேர் போகிறார்களோ, கிட்டத்தட்ட அத்தனை பேர் வர வேண்டும் என்பதே ஒப்பந்தத்தின் கணக்கு. அங்கிருந்து வருகிறவர்கள் குறைந்தால் இங்கிருந்து போகும் இடமும் சுருங்கும்.

ஆகவே "எங்களுக்கு ஜெர்மன் பல்கலைக்கழகத்தோடு எம்ஓயு இருக்கிறது" என்று கல்லூரி சொன்னால் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். அந்த ஒப்பந்தத்தில் மாணவர் பரிமாற்றம் இருக்கிறதா, டியூஷன் ஃபீஸ் தள்ளுபடி உண்டா, கிரெடிட் டிரான்ஸ்ஃபர் உண்டா, இந்த மூன்றையும் கேளுங்கள். பணம் கட்டி இரண்டு வாரம் ஊர் சுற்றிவிட்டுச் சான்றிதழோடு வருவது எக்ஸ்சேஞ்ச் ஆகாது. அதற்காகக் கடன் வாங்கும் பெற்றோரை நினைத்தால் உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

நல்ல ஒப்பந்தங்களும் இருக்கின்றன. சென்னை ஐஐடி 1959-ல் தொடங்கப்பட்டதே மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான். ஆய்வுக்கூடக் கருவிகளும் பேராசிரியர்களும் அங்கிருந்து வந்தார்கள். அந்த உறவு இன்றும் ஆஹென் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களோடு தொடர்கிறது.

[திரையில்: இரண்டு நாள்காட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று.]

இப்போது பலரும் கவனிக்காத விஷயத்துக்கு வருவோம்: தேதிகள். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை. கோடை செமஸ்டர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. குளிர்காலத்தில் வகுப்புகள் பிப்ரவரி வாக்கில் முடியும், தேர்வுகள் பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும். நம் ஊரில் ஒற்றைப்படை செமஸ்டர் ஏறக்குறைய ஜூலை முதல் நவம்பர், இரட்டைப்படை ஜனவரி முதல் மே. நீங்கள் அக்டோபரில் போனால் இங்கே அடுத்த செமஸ்டர் தொடங்கிய பிறகும் அங்கே தேர்வு எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு வழி இருக்கிறது. ஹோக்ஷூலே எனப்படும் அப்ளைடு சயின்ஸ் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கோடை செமஸ்டர் வகுப்புகள் மார்ச்சிலேயே தொடங்கி, ஜூலையில் தேர்வோடு முடிந்துவிடும். ஆறாவது செமஸ்டருக்குப் பதிலாக அங்கே போனால், ஏழாவது தொடங்கும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். கேம்பஸ் பிளேஸ்மென்டும் கைவிட்டுப் போகாது. ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் ஜெர்மன் மொழி படிக்கக் கிடைக்கும். பி.இ. மாணவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்னொரு வழி, எட்டாவது செமஸ்டர் புராஜெக்டை அங்கே ஒரு இன்ஸ்டிடியூட்டில் செய்வது. தேர்வுத் தேதிகளின் தொல்லை அதில் இல்லை. வழிநடத்தும் பேராசிரியர் ஒத்துக்கொண்டால் போதும்.

[திரையில்: பாடக் கையேட்டின் ஒரு பக்கம், மாதிரிக்காக. வரி வரியாக ஒளிர்கிறது.]

இனி, தாளின் வலப்பக்கத்தை எப்படி நிரப்புவது? ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடக் கையேடு உண்டு. பல்கலைக்கழகத் தளத்திலேயே கிடைக்கும். கன்ட்ரோல் இன்ஜினியரிங் பாடத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்தில் இப்படி இருக்கும்: கிரெடிட் 5. வகுப்பு 60 மணி நேரம். சொந்தப் படிப்பு 90 மணி நேரம். எழுத்துத் தேர்வு 90 நிமிடம். குளிர்கால செமஸ்டரில் மட்டும். மொழி ஜெர்மன்.

இதில் ஒவ்வொரு வரியும் முக்கியம். இசிடிஎஸ் என்ற இந்த ஐரோப்பிய கிரெடிட் முறை, எராஸ்மஸ் எனும் ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்குள் 1989-ல் பிறந்தது. ஜெர்மனியில் 1 கிரெடிட் என்றால் மாணவர் செலவிடும் 30 மணி நேரம். 60-ம் 90-ம் சேர்ந்தால் 150, அதனால் 5 கிரெடிட். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது முழுச்சுமை. நம் கல்லூரிகளில் செமஸ்டருக்கு 20 சொச்சம் வரும். ஆகவே இங்கே 3 கிரெடிட் பேப்பருக்கு அங்கே 4 அல்லது 5 கிரெடிட் பாடம் சரியாக இருக்கும். இதற்கு ஒரே அட்டவணை என்று எதுவும் இல்லை. உங்கள் எச்ஓடி ஒத்துக்கொள்வதுதான் கணக்கு.

"குளிர்கால செமஸ்டரில் மட்டும்" என்று இருந்தால், மார்ச்சில் போகிறவருக்கு அந்தப் பாடம் கிடைக்காது. மொழி ஜெர்மன் என்றால் பி2 எனப்படும் உயர் இடைநிலை அளவுக்காவது மொழி வராமல் வகுப்பில் உட்கார முடியாது. இளநிலைப் பாடங்கள் பெரும்பாலும் ஜெர்மனில்தான் நடக்கும். ஆங்கிலப் பாடங்கள் முதுநிலையில் அதிகம். முதுநிலைப் பாடத்தை மூன்றாம் ஆண்டு மாணவர் எடுக்கலாமா என்பதை அந்தத் துறையே முடிவு செய்யும். இதையெல்லாம் மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வேறு பாடத்தால் ஈடுகட்ட முடியாத கோர் பேப்பர்களை இங்கேயே முடித்துவிட்டு, எலெக்டிவ், லேப், புராஜெக்ட் இவற்றை அங்கே கொண்டுபோகச் சொல்வேன். தெர்மோடைனமிக்ஸை இங்கேயே நன்றாகப் படிக்கலாம். ஆனால் ஆஹெனில் 1906 முதல் இயங்கும் மெஷின் டூல் ஆய்வகம் போன்ற ஓர் இடத்தில், ஓடுகிற எந்திரத்தின் அதிர்வை நீங்களே அளந்து பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? லேப் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு தொடங்கிய அன்றே போட்டுவிடுங்கள்.

[திரையில்: விரிவுரை அரங்கம். மாணவர்கள் மேசையைத் தட்டுகிறார்கள்.]

அங்கே வகுப்பு முடிந்ததும் கைதட்ட மாட்டார்கள், விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அட்டவணையில் 10 மணி என்று இருந்தால் பல இடங்களில் 10:15-க்குத்தான் தொடங்கும். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது தேர்வு முறை. இன்டர்னல் மார்க் என்ற மெத்தை இல்லை. பல பாடங்களில் கடைசியில் வரும் ஒரே ஒரு தேர்வுதான் முழு மதிப்பெண். வருகைப்பதிவும் பெரும்பாலும் கிடையாது, யாரும் துரத்த மாட்டார்கள். வாரா வாரம் தரும் பயிற்சித் தாளைச் செய்துவந்தவர் தப்பிப்பார்.

இன்னொன்று: பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. தேர்வுக்கென்று தனியாக, கெடு முடிவதற்குள் பதிவு செய்யாவிட்டால் செமஸ்டர் முழுக்க வகுப்புக்குப் போயிருந்தாலும் தேர்வறைக்குள் விட மாட்டார்கள்.

[திரையில்: மதிப்பெண் மாற்றம். 1.0 → 10, 2.0 → 8.33, 3.0 → 6.67, 4.0 → 5.]

மதிப்பெண் அங்கே தலைகீழ். 1.0 உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 ஃபெயில். மாற்றுவதற்குத் திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம் என்று ஒன்று உண்டு. உங்கள் கல்லூரியில் உச்சம் 10, பாஸ் 5 என்று வைத்தால், அங்கே வாங்கும் 2.0 இங்கே 8.33 ஆகிறது. உங்கள் கல்லூரி இதைப் பயன்படுத்துமா, வேறு முறையா, அல்லது சிஜிபிஏ-வில் சேர்க்காமல் பாஸ் என்று மட்டும் போடுமா? கிளம்புவதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டிய பதில் இது.

[திரையில்: 992 × 6 = 5,952 யூரோ.]

பணம். விசாவுக்கு முடக்கக் கணக்கு காட்ட வேண்டும்; அதாவது, பணத்தை முன்கூட்டியே போட்டுவைத்து, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு. 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ. ஆறு மாதத்துக்கு 5,952. உதவித்தொகை இருந்தால் அந்தக் கடிதமே பல சமயம் போதும். எராஸ்மஸ் பிளஸ், டிஏஏடி (ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பு) இரண்டின் உதவித்தொகை பற்றியும் கல்லூரியின் சர்வதேச அலுவலகத்தில் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு கட்டாயம். விடுதி அறைக்கு, ஏற்புக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். மியூனிக்கில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. போய் இறங்கிக் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டு உரிமையாளரின் கையெழுத்துள்ள படிவம் இல்லாமல் அது நடக்காது.

[திரையில்: மீண்டும் லேர்னிங் அக்ரிமென்ட். ஒரு பாடம் அடிக்கப்பட்டு, இன்னொன்று எழுதப்படுகிறது.]

அங்கே போனபின் பாடம் மாறத்தான் செய்யும். ஒன்று நேரம் மோதும், ஒன்று ரத்தாகும். மாறிய அன்றே திருத்திய தாளை எச்ஓடி-க்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். ஊர் திரும்பியபின் கேட்கலாம் என்று விடாதீர்கள்.

தேர்வு முடிந்து ரிசல்ட் வரப் பல வாரம் ஆகும். அதுவரை உங்கள் பெயருக்கு நேரே இங்கே காலியிடம் இருக்கும். யாராவது அதை அரியர் என்று நினைத்துவிடலாம். ஜெர்மனியிலிருந்து கிளம்பும் முன் அங்கே உள்ள சர்வதேச அலுவலகத்தில் ஆங்கில மதிப்பெண் பட்டியலை நேராக உங்கள் கல்லூரித் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும், ஒரு பிரதி உங்களுக்கும் அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள். பிளேஸ்மென்ட் செல்லுக்கு, ரிசல்ட் வர வேண்டியிருக்கிறது என்று துறையிலிருந்து ஒரு கடிதம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கட்டும்.