ஸ்விண்டன் ரயில்வே வீடுகளின் கொல்லைப்புறம்

அனைவருக்கும் வணக்கம். பழைய கட்டடங்கள் என்றாலே பேச்சு கோயில், கோட்டை, அரண்மனை என்றுதான் போகும். இன்று நான் எடுத்துக்கொண்டது ரயில்வே தொழிலாளிகள் குடியிருந்த வரிசை வீடுகள். இங்கிலாந்தில் ஸ்விண்டன் என்ற ஊரில் இருப்பவை.

லண்டனையும் பிரிஸ்டலையும் இணைத்த கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, எஞ்சின்களைப் பழுதுபார்க்க அங்கே ஒரு பணிமனை அமைப்பதென்று 1840-இல் முடிவுசெய்தது. 1843-இல் பணிமனை இயங்கத் தொடங்கியது. சுற்றிலும் வயல்வெளி, பழைய ஊரோ தள்ளி ஒரு குன்றின்மேல். வேலைக்கு வருகிறவனுக்கு வீடு கொடுத்தே ஆகவேண்டும். கம்பெனியின் கையிலோ காசில்லை.

என்ன செய்தார்கள் தெரியுமா? ரிக்பி என்ற ஒப்பந்தக்காரர்களோடு ஒரு பேரம் பேசினார்கள். சுமார் 300 வீடுகளையும் ஸ்டேஷனையும் உங்கள் செலவில் கட்டுங்கள். வாடகையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் சிற்றுண்டிச்சாலையும் 99 வருடக் குத்தகைக்கு உங்களுக்குத்தான். ரயில்கள் அங்கே பத்து நிமிடம் நிற்கும். ஆக, பயணிகள் காப்பிக்குக் கொடுத்த காசும் அந்தக் கற்சுவர்களுக்குள் இருக்கிறது! பிற்பாடு இந்தக் குத்தகையிலிருந்து விடுபட 1895-இல் கம்பெனி ஒரு லட்சம் பவுண்டு கொடுக்க வேண்டிவந்தது.

நடுவில் ஒரு சதுக்கம், இருபுறமும் நான்கு நான்கு தெருக்கள். கிழக்கே லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ரீடிங், ஃபாரிங்டன். மேற்கே பிரிஸ்டல், பாத், எக்ஸிட்டர், டான்டன். எல்லாம் ரயில் போகும் ஊர்களின் பெயர்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். முன்னால் சுண்ணாம்புக்கல் சுவர், முக்கோண முகப்பு, வரிசையாகப் புகைபோக்கிகள், கையகலத் தோட்டம். தண்டவாளத்தைப் பார்த்த வரிசைகளில் அலங்காரம் இன்னும் கூடுதல். ரயிலில் போகிறவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியவேண்டும் அல்லவா? அப்புறம் பின்பக்கம் போனால் சின்ன முற்றம், கழிப்பறை, துணி துவைக்கும் கொட்டகை, ஒரு சந்து. மிகச் சிறிய வீடுகளில் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, அவ்வளவுதான். வரிசைக் கோடிகளில் இருந்த பெரிய வீடுகள் மேஸ்திரிகளுக்கு. ஆரம்ப வருடங்களில் வீடு போதாமல், குடும்பத்தோடு வெளியாட்களும் சேர்ந்து அடைந்துகிடந்தார்கள். நோய் பரவியது. முகப்புக்குச் செலவழித்ததில் கொஞ்சம் உள்ளே ஓர் அறைக்குப் போயிருக்கக் கூடாதா என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அந்தக் குறையைத் தொழிலாளிகள் தாங்களே சரிசெய்யப் பார்த்தார்கள். 1847-இல் மருத்துவ நிதிச் சங்கம் தொடங்கினார்கள். சம்பளத்தில் சிறு பிடித்தம். குடும்பம் முழுவதற்கும் வைத்தியம். சதுக்கத்தின் நடுவே மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் எழுந்தது. வீட்டில் இல்லாத இடம் அங்கே கிடைத்தது. நூலகம், மேடை, கூடிப்பேச ஒரு கூடம். என்னைக் கேட்டால், அந்தத் தெருக்களின் கட்டடக்கலையில் இதையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும்.

1960-களில் இந்த வீடுகளை இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. நகர மன்றம் விலைக்கு வாங்கி, கல்லைச் சுத்தம்செய்து, குளியலறை வசதியோடு புதுப்பித்தது. பணிமனை 1986-இல் மூடப்பட்டது. வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் அருங்காட்சியகம். போகிறவர்கள் தயவுசெய்து முகப்பைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள், பின்சந்து வழியாகவும் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். நன்றி.