பந்தற்கால் குழியை அளந்தால் பந்தலின் பரப்பு ஆகுமா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கில் அமர்ந்திருக்கும் சென்னைப் பெருமக்களே, வணக்கம்.

காக்கப்பட்ட வனப்பகுதிகளில் எண்ணெய் எடுப்பதும் இயற்கையைக் காப்பதும் ஒருசேர இயலுமா என்னும் தலைப்பில், இயலாது என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் அலாஸ்காவின் ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தைச் சான்றாகக் காட்டி, அதன் கரையோரச் சமவெளி சுமார் 15 லட்சம் ஏக்கர் என்றும், 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதில் 2,000 ஏக்கரில் மட்டுமே கட்டுமானங்களுக்கு இடமளிக்கிறது என்றும் சொன்னார். எண்கள் சரி; அளவுகோல்தான் கோணல். எண்ணெய்க் குழாய் தரைக்கு மேலே தூண்களின்மீது சென்றால், அந்தத் தூண்கள் ஊன்றிய இடம் மட்டுமே அந்த 2,000 ஏக்கரில் சேரும். தெருவை அடைத்துக் கல்யாணப் பந்தல் போட்டுவிட்டு, கால் நட்ட குழிகளை மட்டும் அளந்து, "இவ்வளவு இடம்தான் எடுத்துக்கொண்டோம்" என்று சொன்னால் மயிலாப்பூரில் எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒப்புவார்?

எண்ணெய் எடுத்த இடத்திலும் மான்கள் பெருகின என்னும் அவருடைய இன்னொரு வாதம் வலுவானது. அதை மறைக்க மாட்டேன். அதே அலாஸ்காவில், 1968இல் எண்ணெய் கண்டறியப்பட்ட புரூடோ பே வட்டாரத்தில், காரிபு எனப்படும் துருவமான்கள் பின்னாளில் பெருகின என்பது உண்மையே. ஆயினும் ஈன்ற தாய்மான்கள் சாலையையும் குழாயையும் விட்டுச் சில கிலோமீட்டர் விலகியே சென்றன. அங்கே சமவெளி அகன்றது, விலக இடம் இருந்தது. புகலிடத்திலோ புரூக்ஸ் மலைத்தொடர் கடலை நெருங்கி வருவதால் சமவெளி குறுகியது. இளம்புல் தழைப்பதாலும், ஓநாயும் கரடியும் குறைவாக இருப்பதாலும்தான் போர்க்குப்பைன் என்னும் காரிபு மந்தை கன்று ஈனுவதற்கு அங்கே வருகிறது. பனி உருகத் தாமதமாகி, அங்கே வந்துசேர முடியாமல் வழியிலேயே ஈன்ற ஆண்டுகளில் கன்றுகள் குறைவாகவே பிழைத்தன. இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை இயற்கையே ஒருமுறை நமக்குச் சோதித்துக் காட்டிவிட்டது. அந்த மானையே நம்பி வாழும் குவிச்சின் மக்கள் அச்சமவெளியை 'உயிர் தொடங்கும் புனித இடம்' என்கிறார்கள். அங்கேயே வாழும் காக்டோவிக் ஊராரில் பலர் வருமானம் கருதி எண்ணெயை வரவேற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

இத்தனைக்கும் கிடைக்கப்போவது என்ன? 1998இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் தந்த சராசரி மதிப்பீடு, சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்த்து, சுமார் 1,040 கோடி பீப்பாய். உலகம் இன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கோடி பீப்பாய் செலவிடுகிறது. வகுத்துப் பார்த்தால் நூறு நாள் சொச்சம். அங்கே எண்ணெய் எடுக்கும் உரிமைக்காக 2025 ஜனவரியில் நடந்த ஏலத்தில் ஒரு நிறுவனம்கூட விலை கேட்கவில்லை.

கசிந்தால் துடைத்துவிடலாம் என்பார்க்கு எண்ணூரை நினைவூட்டுகிறேன். 2017இல் இரு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை, துறைமுகமும் சாலையும் மாநகரமும் அருகிலேயே இருந்தும், மனிதர்கள் வாளியால்தானே அள்ளினார்கள்? மாதக்கணக்கில் இருளும் பனியும் மூடிய கரையில் வாளி தூக்க யார் போவார்கள்?

எதிரணியிலிருந்து அடுத்துப் பேச வருபவரிடம் ஒன்றே கேட்கிறேன்: மலைக்கும் கடலுக்கும் இடையில் அந்தத் தாய்மான் இனி எங்கே போய் ஈன வேண்டும் என்பதை வரைபடத்தில் அவர் தொட்டுக் காட்டட்டும்.