மூட்டையில் கட்டிய சீட்டும் முழுப் பூசணிக்காயும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய துணைவேந்தர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, சாலிடரிங் அயர்னைப் பிடிக்கும் பழக்கத்தில் பேனாவையும் அப்படியே பிடித்துக் குறிப்பெடுக்கும் செல்போன் பழுதுபார்ப்போர் சங்கச் செயலாளர் அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். துணைவேந்தர் அவர்கள் வாழ்த்துரையிலேயே என் தலைப்பில் பாதியைப் பேசி முடித்துவிட்டார். அவருக்கு நன்றி. மீதிப் பாதி என் பங்கு.

நான்கு உலோகங்களைப் பற்றிப் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள்: டாண்டலம், வெள்ளீயம், டங்ஸ்டன், தங்கம். நான்கும் உங்கள் சட்டைப்பை செல்போனில் இருக்கின்றன. நான்கின் தாதுவும் காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதியில் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குப் படியளந்திருக்கின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்று கேட்பார்கள் நம் பெரியவர்கள். முடியும் என்று காட்டியது இந்த வியாபாரம்.

முதலில் டாண்டலம். சர்க்யூட் போர்டில் மஞ்சள் நிறத்தில், ஒரு முனையில் பட்டை போட்ட சின்னச் செங்கல் போல ஒன்று இருக்கும். அதுதான் டாண்டலம் கெபாசிட்டர். அந்தப் பட்டை பாசிட்டிவ் முனை. அலுமினிய கெபாசிட்டரில் பட்டை நெகட்டிவ் என்பதால் புதிதாகத் தொழில் கற்பவர்கள் இதை மாற்றிப் பொருத்திப் புகையவிடுவார்கள். (செயலாளர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும்.) டாண்டலம் பொடியை ஒரு டாண்டலம் கம்பியைச் சுற்றி அழுத்தி, வெற்றிடச் சூளையில் சுட்டு, கடற்பஞ்சு போன்ற கட்டியாக்கி, அமிலக் குளியலில் மின்சாரம் பாய்ச்சி அதன் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் வளர்க்கிறார்கள். கடுகளவு இடத்தில் அவ்வளவு மின்னூட்டம் தாங்குவது அந்தப் படலத்தால்தான். அந்தப் பொடிக்கு மூலம் கோல்டான் என்ற கருநிறத் தாது.

வெள்ளீயத்துக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். வடக்கு கிவு மாகாணத்தில் வாலிகாலே வட்டாரக் காட்டுக்குள் பிசியே என்றொரு மலை. 2002 வாக்கில் ஒரு வேட்டைக்காரர் கண்ணில் அங்கே காஸிட்டரைட் என்ற வெள்ளீயத் தாது பட்டது என்பார்கள். சாலை கிடையாது. கடப்பாரையும் சுத்தியலுமாகக் குடைந்தார்கள். தோண்டியதை 50 கிலோ மூட்டையாகக் கட்டித் தலையிலும் முதுகிலும் சுமந்து, சுமார் 40 கிலோமீட்டர் காட்டுப்பாதையில் இறக்கினார்கள். வழியெல்லாம் தடுப்பு. தடுப்புக்குத் தடுப்பு இத்தனை கிலோ கொடுத்தால்தான் மூட்டை நகரும். வசூலித்தவர்கள் கொள்ளைக்காரர்கள் அல்லர். அரசாங்கச் சீருடை போட்ட 85ஆம் பிரிகேட்! கீழே வந்தால் விமான நிலையம் இல்லை. கிலாம்போ பக்கம் கொஞ்ச தூரம் தார் போட்ட நெடுஞ்சாலை இருந்தது, அதுதான் ஓடுதளம். விமானம் தென்பட்டால் லாரிகாரர்கள் ஓரங்கட்டிக் காத்திருப்பார்கள். சின்ன விமானம் இறங்கும், இரண்டு டன் அளவுக்குத் தாது ஏற்றும், கோமா நகருக்குப் பறக்கும். 2009இல் அந்தப் பிரிகேட் போனது, வேறு படை வந்தது. தடுப்பும் வசூலும் அப்படியே. 2010 செப்டம்பரில் அதிபர் கபிலா மூன்று மாகாணங்களில் சுரங்கத் தொழிலுக்கே தடை போட்டார். பிழைப்பு போனது தோண்டியவர்களுக்கு. சில இடங்களில் சிப்பாய்கள் தடைக்குள்ளேயே தோண்ட வைத்துக்கொண்டிருந்தார்கள். 2011 மார்ச்சில் தடை விலகியது. நெடுஞ்சாலையில் பட்டப்பகலில் விமானம் ஏற்றிய தாது கடைசியில் யார் சாலிடரில், அதாவது போர்டில் பாகங்களை ஒட்டும் வெள்ளீயக் கலவையில், போனது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாதாம். முழுப் பூசணிக்காய்!

இதற்கு மருந்தாக வந்ததுதான் டேக் முறை. சுரங்கத்திலேயே அரசு ஊழியர் மூட்டையை எடைபோட்டு, எண் போட்ட சீட்டைக் கட்டி, பதிவேட்டில் எழுத வேண்டும். வியாபாரியிடம் கழுவிச் சுத்தம் செய்தபின் இரண்டாவது சீட்டு. கழுவினால் எடை குறையும் என்பதால் இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டால் திருட்டு பிடிபட வேண்டும். நடப்பது வேறு. சுரங்கங்கள் அதிகம், ஊழியர் குறைவு. சீட்டை மொத்தமாக விற்றுவிடுகிறார்கள். சீட்டு சாக்குக்குத்தான் சாட்சி, உள்ளே இருக்கும் கல்லுக்கு அல்ல. மசிசி வட்டாரத்து ருபாயாவைப் பாருங்கள்: உலக டாண்டலத்தில் சுமார் 15 சதவீதம் தரும் இடம். 2024இல் அது எம்23 என்ற கிளர்ச்சிப் படை கைக்குப் போனது. அங்கே கோல்டான் மீதான வரியில் மட்டும் மாதம் சுமார் 8 லட்சம் டாலர் வசூலானதாக ஐ.நா. நிபுணர் குழு கணக்கிட்டது. தாது எல்லை தாண்டி ருவாண்டா தாதுவோடு கலந்ததையும் அதே குழு எழுதியது.

கலப்பு முடிவடையும் இடம் உருக்காலை. டாண்டலத் தாது ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைகிறது. காஸிட்டரைட் உலையில் உருகுகிறது. அதற்கு முன்வரை தாதுவை ஆய்வுசெய்து எந்த மலைக் கல் என்று சொல்லும் முறை ஜெர்மன் புவியியல் துறையிடம் இருக்கிறது. உருகியபின் எல்லா வெள்ளீயமும் ஒன்றே.

சட்டம் இல்லையா என்பீர்கள். அமெரிக்காவில் 2010இல் டாட்-ஃபிராங்க் சட்டத்தின் 1502ஆம் பிரிவு வந்தது. காங்கோவில் அதை ஒபாமா சட்டம் என்றே அழைத்தார்கள். கம்பெனிகளிடம் வாங்காதே என்று அது சொல்லவில்லை, தாது எங்கிருந்து வந்தது என்று விசாரித்து அறிக்கை கொடு என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது; ஆனால் அது பிடிப்பது தாதுவையும் உலோகத்தையும் இறக்குமதி செய்பவரைத்தான். அதே உலோகம் போனுக்குள் அமர்ந்து வந்தால் கேள்வியே இல்லை. சோறு எது, பூசணிக்காய் எது என்று இப்போது புரிந்திருக்கும்.

கம்பெனிகளில் கொள்முதல் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உலோகம் எங்கிருந்து வந்தது என்று சப்ளையர் நிரப்பித் தரும் படிவத்தில் நேராக உருக்காலைப் பட்டியலுக்குப் போங்கள். அந்தக் கட்டத்தில் வியாபாரி பெயரோ வங்கிப் பெயரோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள். நிறுவனம் முழுமைக்கும் சேர்த்துக் கொடுத்த பட்டியல் என்றால், நீங்கள் வாங்கும் பொருளுக்கான பட்டியலைத் தனியே கேளுங்கள்.

இனி நான் எங்கே வந்து நிற்பேன் என்று என் கூட்டங்களுக்கு வருகிறவர்களுக்குத் தெரியும்: பழுதுபார்க்கும் உரிமை. மறுசுழற்சி இருக்கிறதே என்று சமாதானம் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய போர்டைத் தாமிர உலையில் போட்டால் தங்கம் திரும்பிவரும். டாண்டலம் ஆக்சைடாகிக் கசடோடு போய்விடும். 2022இல் உலகில் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். ஆகவே அந்த டாண்டலத்தைக் காக்க ஒரே வழி, போன் சாகாமல் பார்த்துக்கொள்வது. பேட்டரியைப் பசைபோட்டு ஒட்டாதே, உதிரிபாகத்தைப் பூட்டாதே, சர்க்யூட் படத்தை ஒளிக்காதே! ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் விற்பனையை நிறுத்திய பின்னும் 7 ஆண்டு உதிரிபாகம் தர வேண்டும் என்று விதி. அங்கே முடிவது எல்லா இடத்திலும் முடியும்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். டங்ஸ்டன் என்பது போன் அதிரும்போது உள்ளே அசையும் எடை, அவ்வளவோடு விடுகிறேன். தங்கத்துக்குத் தனிக் கூட்டமே வேண்டும். ஒரு கிலோ கைக்குள் அடங்கும், எல்லை தாண்ட லாரியே தேவையில்லை. இந்தக் கூட்டத்தின் தீர்மான நகல் வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பத்தியில் 'உருக்காலைப் பட்டியல்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முதலில் அச்சடித்த கட்டில் அது விட்டுப்போயிருந்தது.